சாவு வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கடைசி மூச்சு முதல் பதினாறாம் நாள் வரை

ஒரு வீட்டில் உயிர் பிரிந்ததும் பங்காளி ஒன்று சொல்வார், மாமன் மச்சான் வேறொன்று சொல்வார், பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டையும் மறுப்பார். முடிவெடுக்க வேண்டியவரோ அழுதுகொண்டிருப்பார். சடங்கில் ஒன்று முன்னே பின்னே ஆனால் அதற்கு ஒரு மாற்று எப்போதும் உண்டு. மாற்றே இல்லாதவையும் சில இருக்கின்றன: 6 மணி நேரத்துக்குள் எடுக்காத கண், மருத்துவர் பார்க்காமலே எரித்துவிட்ட உடல், யாரும் குறித்து வைக்காத நேரம். தமிழ்நாட்டில் வீட்டில் நேரும் இறப்பில் அடிக்கடி நடக்கும் தவறுகளை, அவை நடக்கும் வரிசையிலேயே பார்க்கலாம்.

பால் ஊற்றுவது

"இழுத்துக்கிட்டிருக்கு" என்று தகவல் போனதும் உறவுகள் கூடிவிடும். ஆளுக்கு ஒரு கரண்டி பால் ஊற்றுவார்கள். துளசி தீர்த்தம், கங்கை நீர் வரும். உயிர் பிரியத் தாமதமானால் மண்ணாசை என்று நிலத்து மண்ணைக் கரைத்தும், பொன்னாசை என்று நகையைக் கழுவியும் அந்தத் தண்ணீரை வாயில் விடுவார்கள். நினைவு தப்பியவரால் விழுங்க முடியாது. ஊற்றியது மூச்சுக்குழாயில் இறங்கி மூச்சை அடைக்கும். நிம்மதியாகப் போக வேண்டியவர் திணறித்தான் போவார்.

சடங்கை விட வேண்டியதில்லை, முறையை மாற்றினால் போதும். தலையைச் சற்று உயர்த்தி ஒரு பக்கமாகத் திருப்புங்கள். சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, உதட்டிலும் உள்கன்னத்திலும் தடவுங்கள். வறண்ட வாய்க்கு அந்த ஈரம் இதமாகவும் இருக்கும். தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பெரும்பாலும் குறையும். விரலை உள்ளே விட்டுச் சளியை எடுக்கப் பார்க்கக் கூடாது.

கண் மூடிக் கிடந்தாலும் காது கேட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் கட்டில் பக்கத்தில் நின்று நகைக் கணக்கும் விறகுக் கணக்கும் பேசாதீர்கள். கையைப் பிடித்து, அவரை வழக்கமாகக் கூப்பிடும் முறையில் கூப்பிட்டுப் பேசுங்கள். மூச்சு இருக்கும்போதே கட்டிலில் இருந்து தூக்கித் தரையிலோ திண்ணையிலோ கிடத்துவதும் வேண்டாம். படுக்கைப் புண்ணோ எலும்பு முறிவோ இருப்பவருக்கு அது தாங்க முடியாத வலி. கீழே இறக்கும் வழக்கம் உள்ள வீட்டில், உயிர் அடங்கிய பிறகு இறக்கலாம்.

முதல் ஒரு மணி நேரம்

முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுங்கள். அடுத்து மருத்துவருக்குச் சொல்லுங்கள். மூக்கருகே கண்ணாடி பிடித்துப் பார்ப்பதும் நாடி பிடித்துப் பார்ப்பதும் போதாது. சர்க்கரை மிகவும் குறைந்து மயங்கியவரின் நாடி சாதாரணக் கைக்குப் பிடிபடாமல் போகலாம். கடைசியாக வைத்தியம் பார்த்தவரே வந்தால் இறப்பின் காரணத்துக்கான சான்றையும் அவர் தர முடியும். மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எடுத்து வையுங்கள்.

உடல் விறைப்பு முதலில் கண்ணிமையிலும் தாடையிலும் தொடங்கும். நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். ஆகவே இமைகளை மூடி, சில நிமிடம் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். பல் செட் இருந்தால் இப்போதே பொருத்திவிட்டு, முகவாயிலிருந்து உச்சிக்குத் துணி கொடுத்து வாய்க்கட்டுக் கட்ட வேண்டும். கை கால்களை நேராக்கி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். தாமதித்தால் வாய் திறந்தபடியே விறைத்துவிடும். பிறகு பலவந்தமாக மூடப் பார்ப்பது குடும்பத்தாரின் கண்ணில் ஆறாத காட்சியாக நின்றுவிடும். மோதிரம், மூக்குத்தி, வளையல் இவற்றையும் இப்போதே கழற்றுங்கள். விரல் வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கண் தானம் செய்வதானால் 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். குழு வரும்வரை மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்குத் தலையணை வையுங்கள். வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரை நோயாளி எல்லாரும் தரலாம். "பெரியவனைக் கேட்டுச் சொல்றோம்" என்று காத்திருந்தே பலரின் கண் வீணாகிறது.

விபத்து, தற்கொலை, விஷக்கடி, மின்சாரம் தாக்கியது, தவறி விழுந்தது என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். "அறுக்க வேண்டாம்" என்று பாசத்தில் மறைத்து எரித்துவிட்டால், குடும்பமே சந்தேகத்துக்கு ஆளாகும், காப்பீட்டுப் பணமும் சிக்கலாகும். திருமணமாகி 7 ஆண்டுக்குள் பெண் சந்தேகத்துக்கு இடமாக இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை வரும்.

இன்னொரு தவறு கைபேசியால் வந்தது. நெருங்கிய உறவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் யாரோ ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டுவிடுகிறார். வெளிநாட்டில் வேலையில் இருக்கும் மகன் அப்பாவின் சாவை அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டியல் போட்டு, ஒருவரிடம் கொடுத்து, அது முடியும்வரை படம் எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பிரீசர் பெட்டி

பெட்டி வந்ததும் பாரம் இறங்கியது போல இருக்கும். உண்மையில் கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இது. வீடு கழுவிய ஈரம், நனைந்த கால், இரும்புச் சட்டம், எர்த் இல்லாத ஒரு நீட்டிப்பு வயர் எல்லாம் சேர்ந்தால், பெட்டியில் சாய்ந்து அழுபவர் மீது மின்சாரம் பாயும். மூன்று முனை பிளக்கை எர்த் உள்ள பாயின்ட்டில் நேராகச் செருகுங்கள். எர்த் முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனையாகச் செருகுவது உயிரோடு விளையாடுவது. சொருகியபின் டெஸ்டர் வைத்துச் சட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். வயரை நடமாட்டம் உள்ள இடத்தில் போடாமல் சுவரோரமாகக் கொண்டுபோங்கள்.

வருகிறவர் ஒவ்வொருவருக்கும் மூடியைத் திறந்தால் குளிர் நிற்காது. முகம் பார்க்கத்தான் கண்ணாடி இருக்கிறது. நெருங்கியவர்கள் தொட்டு அழவும், கோடி போடவும் திறந்தால் போதும். உள்ளே மாலையைக் குவிப்பதும் தவறு. காற்று வரும் துளையைப் பூ அடைத்துக்கொள்ளும். விளக்கையும் ஊதுவத்தியையும் கண்ணாடி மேல் வைக்காமல் தலைமாட்டுத் தரையில் வையுங்கள். மின்சாரம் போனால் திறந்து பார்க்கத் தோன்றும். மூடியே வைத்திருந்தால்தான் குளிர் தங்கும்.

வெளியே எடுக்கும்போது மூக்கிலோ வாயிலோ சிவந்த நீர் வந்தால் பலர் பதறுவார்கள். உடலுக்குள் வாயு சேர்ந்து அழுத்துவதால் வருவது அது. முன்பே மூக்கில் பஞ்சு வைத்து, குளிப்பாட்டும்போது வயிற்றை அழுத்தாமல் இருந்தால் போதும். சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய் இருந்தால் செவிலியரைக் கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். படுக்கைப் புண்ணோ தொற்று நோயோ இருந்தவரைக் குளிப்பாட்டுபவர் கையுறை போடுவது மரியாதைக் குறைவு ஆகாது.

அழுபவர்களையும் பார்க்க வேண்டும்

சாவு வீட்டில் அடுப்பெரியாது. சர்க்கரை உள்ள மனைவி வழக்கம்போல மாத்திரையையோ ஊசியையோ போட்டுவிட்டு, மதியம்வரை வெறும் வயிற்றில் உட்கார்ந்திருப்பார். வியர்த்து, கை நடுங்கிச் சாய்வார். "துக்கம் தாங்காமல் மயங்கிட்டாங்க" என்று முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அது சர்க்கரை குறைந்த மயக்கமாக இருக்கலாம். நினைவு இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அக்கம்பக்கத்தார் இட்லியும் காபியும் கொண்டுவருவது இதற்காகத்தான். கொண்டுவந்ததை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும். கொள்ளி வைக்கும் மகனும் அப்படித்தான்: பட்டினி, தலையில் பச்சைத் தண்ணீர், உச்சி வெயிலில் வெறுங்கால். இதய நோய் உள்ளவராக இருந்தால் மயானம்வரை வண்டியில் போகட்டும்.

மகள் தயாராக நிற்கும்போது, ஆண் பிள்ளை இல்லை என்று தூரத்துப் பங்காளியைத் தேடிக் கூட்டிவந்து கொள்ளி கொடுப்பதில் நியாயமில்லை. எந்தச் சட்டமும் மகளைத் தடுப்பதில்லை. இன்று எத்தனையோ மகள்கள் செய்கிறார்கள். தாலி அறுப்பது, வளையல் உடைப்பது இவையும் அப்படியே. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி நாளும் முறையும் மாறும் ஒன்றை எல்லாருக்கும் கட்டாயமான விதிபோலப் பேசி, துணையை இழந்தவரை நடுக்கூட்டத்தில் உட்கார வைப்பது கொடுமை. அவர் விருப்பத்தைத் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிடுங்கள்.

துக்கம் கேட்கப் போகிறவர் "எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, முன்னாடியே பார்த்திருக்கலாமே" என்று குடையக் கூடாது. அந்தக் கதையை அவர்கள் அன்றைக்கு ஐம்பதாவது தடவையாகச் சொல்கிறார்கள். புறப்படும்போது "போய்ட்டு வரேன்" என்பதும் வழக்கமில்லை, சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். இஸ்லாமியர் வீடென்றால் அடக்கம் சீக்கிரம் நடக்கும், சாயங்காலம் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மாலையும் ஊதுவத்தியும் அங்கே தேவையில்லை.

மயானத்தில்

இதயத் துடிப்புக்கான பேஸ்மேக்கர் உள்ளவரை அப்படியே எரித்தால், சூட்டில் பேட்டரி வெடிக்கும். தகன மேடையின் உட்சுவர் உடையும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. தோலுக்கு அடியிலேயே இருப்பதால் மருத்துவமனையில் சிறு வெட்டில் எடுத்துவிடுவார்கள். உடலைக் கொண்டுபோகும் முன்பே இதைச் சொல்ல வேண்டும். பிரியமான பொருள் என்று கைபேசி, மூடிய சென்ட் பாட்டில், மதுப் பாட்டில் வைப்பதும் இதே கணக்குதான். நெற்றிக் காசு, கண்ணாடி வளையல், பிளாஸ்டிக் நாரில் கட்டிய மாலை எல்லாவற்றையும் எரிவாயு மேடைக்கு அனுப்பும் முன் எடுத்துவிடுங்கள்.

விறகு, வரட்டி மூட்டுகிற இடத்தில் நடக்கும் பெரிய தவறு பெட்ரோல். தூறலில் நெருப்பு பிடிக்கவில்லை என்று யாரோ பாட்டிலோடு ஓடிவருவார். பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஒரு பொறி போதும், தீ ஊற்றுகிறவர் கைக்கே ஓடிவரும். கொள்ளி வைப்பவர் இடுப்பில் நைலான் வேட்டி இருந்தால் அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி வேட்டி கட்டுங்கள். அடியில் காய்ந்த விறகும் வைக்கோலும், இடையிடையே காற்றுப் போக இடைவெளியும், தீ வைக்கும் முன்பே சூடமும் நெய்யும் இருந்தால் பெட்ரோலுக்கு வேலையே இல்லை. அடுக்கும் வேலையை மயான ஊழியரிடம் விடுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

சாம்பலும் சான்றும்

எரிவாயு மேடையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சாம்பல் கிடைத்துவிடும். மறுநாள்தான் பால் தெளிப்பு என்றால், பெயர் எழுதி வைக்கச் சொல்லி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் கொண்டுபோவதானால் செம்புக் கலசம் வேண்டாம். உலோகத்துக்குள் இருப்பதை எக்ஸ்ரே காட்டாது, பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். மண் அல்லது மரப் பாத்திரத்தில் வைத்துத் துணி கட்டி, இறப்புச் சான்று நகலைக் கையில் வையுங்கள். கூடுதுறையிலோ பாபநாசத்திலோ கரைக்கும்போது துணியையும் பையையும் ஆற்றில் விடாதீர்கள். தாமிரபரணியின் அடியில் அப்படிக் கிடக்கும் துணிகள் குளிக்கிறவர் காலைச் சுற்றுகின்றன.

இறப்பைப் பதிய 21 நாள் அவகாசம், கட்டணம் இல்லை. பதினாறு முடிந்ததும் பார்க்கலாம் என்றால் கையில் ஐந்து நாள்தான் மிஞ்சும். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் ஆணை வரை அலைய வேண்டும். பதிவு நடப்பது இறந்த ஊரில், சொந்த ஊரில் இல்லை. சென்னையில் இறந்தவரைச் சிவகங்கையில் எரித்தாலும் சான்று சென்னையில்தான். பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். முதலெழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றில் இடிக்கும். செலவுக்கு என்று இறந்தவரின் ஏடிஎம் அட்டையில் பணம் எடுப்பதும், உடலில் இருந்து கைநாட்டு வாங்குவதும் வாரிசுகளைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

நாள் கணக்கு

பதினாறாம் நாள் எது என்பதில் வரும் சண்டைக்குக் காரணம், நம் வழக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதுதான். செவ்வாய்க்கிழமை பின்னிரவு 2 மணி என்பது ஆங்கிலத் தேதிப்படி புதன், நம் கணக்கில் இன்னும் செவ்வாய். பிள்ளை வரும்வரை மூன்று நாள் உடலை வைத்திருந்தால் இறந்த நாளிலிருந்து எண்ணுவதா, எரித்த நாளிலிருந்து எண்ணுவதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். கார்டு அடிக்கும் முன் காரியம் செய்து வைப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

வருடத் திதிக்கு வேண்டியது தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்ற மூன்றும். ஒரு திதி ஏறத்தாழ 19 முதல் 26 மணி நேரம் இருக்கும், பகலிலும் மாறும் இரவிலும் மாறும். காலை 10 மணிக்கு ஏகாதசி என்றால் 11 மணிக்குத் துவாதசியாக இருக்கலாம். "காலையில் இறந்தார்" என்ற நினைவு மட்டும் இருந்தால் மறு வருடம் குழப்பம்தான். திதியே தெரியாமல் போனவர்களுக்கு அமாவாசையில் கொடுப்பது வழக்கம். அந்த நிலைக்குப் போகாமல் இருக்க, அன்றைய தேதி காலண்டர் தாளைக் கிழித்து எடுத்து வையுங்கள். திதியும் நட்சத்திரமும் மாறும் நேரத்தோடு அதில் அச்சாகியிருக்கும். பின்பக்கத்தில் உயிர் பிரிந்த நேரத்தைப் பேனாவால் எழுதுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு என்றால் முந்தைய நாள் தாளும் சேர்ந்தே இருக்கட்டும்.