டெனிம் ஸ்கர்ட் வாங்கும் ஆண்களுக்கு: ஜீன்ஸைக் கையோடு கொண்டுபோங்கள்

பண்டல் கடையில், அதாவது பழைய துணி விற்கும் கடையில், டெனிம் ஸ்கர்ட் தேடும் ஆண்கள் லேபிளில் உள்ள எண்ணை விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஜீன்ஸ் ஒன்றைக் கொண்டுபோய், இரண்டுக்கும் பட்டன் போட்டு, இடுப்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அகலம் ஒத்துப்போனால் எடுத்துக்கொள்ளலாம்.

பெண்கள் உடையின் சைஸ் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றில் 12 என்பது இன்னொன்றில் 14. ஆண்கள் ஜீன்ஸோ பெரும்பாலும் இடுப்பு அங்குலக் கணக்கில் வருவது. அதோடு, கோலாலம்பூரில் சில பண்டல் கடைகளில் போட்டுப் பார்க்க இடமே இருக்காது. பெண்களின் இடுப்பு வளைவுக்கு வெட்டிய துணி என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் தொளதொளவென்று நிற்கும். தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் முன்னாலோ பின்னாலோ வெட்டு இல்லாத நேர் ஸ்கர்ட்டை மட்டும் எடுக்காதீர்கள், எல்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டு ஏறும்போது தெரியும் அவஸ்தை!

உயர்ந்த இடுப்பு மாடலுக்கு இந்த வழி உதவாது. அது தொப்புள் அருகே நிற்பது, அங்கேதான் டேப் பிடித்து அளக்க வேண்டும். ஸ்பாண்டெக்ஸ் கலந்த துணி என்றால் இழுபடும், அரை அங்குலம் குறைந்தாலும் சரி.