ஸ்லாவிய மொழிகளின் ‘யார்’, ‘என்ன’: வேர் காணும் முறை

ரஷ்ய மொழியில் ‘யார்’ என்பதை ‘க்தோ’ என்றும், ‘என்ன’ என்பதை ‘ச்தோ’ என்றும் எழுதுவார்கள் (இங்கும் இனியும் வரும் சகரத்தை ‘அச்சம்’ என்பதில் ஒலிப்பதுபோல் படியுங்கள்). பின்னதைப் பேச்சில் ‘ஷ்தோ’ என்பார்கள். இந்த இரு சொற்களைக் கொண்டே ஸ்லாவிய வினாப்பெயர்களின் வேரைக் கண்டுவிடலாம்.

முதற்படியாக, இரண்டையும் நான்காம் வேற்றுமையில் எழுதிப் பாருங்கள். ‘யாருக்கு’ என்பது ‘கொமு’ என்றும், ‘எதற்கு’ என்பது ‘செமு’ என்றும் வரும். ‘தோ’ இரண்டிலுமே இல்லை. அது வேரைச் சேர்ந்ததன்று. ‘அது’ என்று பொருள்படும் சுட்டுப்பெயர், மிகச் சிறிய வினாச்சொல்லுக்கு வலுவூட்டப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்து, பழைய வடிவத்துக்குச் செல்லுங்கள். 863ஆம் ஆண்டில், இன்றைய செக் நாட்டுப் பகுதியிலிருந்த மொராவியாவுக்குப் புறப்பட்ட கிறித்தவ சமயப் பரப்பாளர்களான சிரில், மெதோடியஸ் சகோதரர்களின் மொழிபெயர்ப்புப் பணியால் எழுத்து வழக்கு பெற்ற பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் இச்சொற்கள் ‘குதோ’, ‘சிதோ’ என்று இருந்தன. இவற்றின் உகரமும் இகரமும் நம் குற்றியலுகரத்தையும் குற்றியலிகரத்தையும் நினைவூட்டும் அளவுக்குக் குறுகியவை. பின்னர் அவை தேய்ந்து மறைந்ததால்தான், தொடக்கத்திலேயே இரு மெய்கள் மோதும் ‘க்தோ’ பிறந்தது.

மூன்றாவது படியில் சற்று நிதானம் தேவை, ஏனெனில் இங்கேதான் தொடக்கநிலை மாணவர்கள் ககரத்தையும் சகரத்தையும் வெவ்வேறு வேர்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றே. ஸ்லாவிய மொழிகள் அனைத்துக்கும் தாயான மூல ஸ்லாவியத்தில் இகர, எகரங்களுக்கு முன் நின்ற ககரம் சகரமாக மாறியது. ஆகவே ‘கி’ என்பது ‘சி’ ஆயிற்று, ‘கு’ மாறாமல் நின்றது. அந்தக் ககரத்தின் உறவினர்களை லிதுவேனிய மொழியின் ‘கஸ்’, சமஸ்கிருதத்தின் ‘கஃ’, லத்தீனின் ‘க்விஸ்’ ஆகியவற்றில் காணலாம்.

இனி உடன்பிறந்த மொழிகளில் சரிபாருங்கள். போலிஷ், செக் மொழிகளின் ‘த்ஸோ’ (என்ன) ‘சிதோ’விலிருந்து வந்ததன்று, ‘சிஸோ’ என்ற பழைய ஆறாம் வேற்றுமை வடிவமே சுருங்கி எழுவாயின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. குரோஷியாவின் கடலோரத்திலும் தீவுகளிலும் வழங்கும் வட்டார மொழியில் ‘என்ன’ என்பது வெறும் ‘சா’. ஒட்டு ஏறாத பழைய ‘சி’தான் அது, அந்த வட்டார மொழிக்கே ‘சாகாவியம்’ என்ற பெயரையும் தந்தது. எனக்கு மிகவும் பிடித்த சான்று செக் மொழியின் ‘ப்ரோச்’ (ஏன்): ‘ப்ரோ’ என்றால் ‘பொருட்டு’, எஞ்சி நிற்கும் ஒற்றைச் சகரமெய்யே ‘என்ன’.

பயிற்சிக்கு ‘எங்கே’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மூல வடிவம் ‘குதெ’. அதன் தகரம் ‘பந்து’ என்பதில் ஒலிப்பதுபோல் மென்மையானது. உகரம் மறைந்ததும் ககரம் அந்த மென்மையோடு ஒட்டி, ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம்போல் ஒலிக்கத் தொடங்கியது. ரஷ்யர்கள் எழுத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். செக் மக்கள் மென்மையாக ஒலித்துக்கொண்டே இன்றும் பழைய ககரத்தையே எழுதுகிறார்கள்.