பூஞ்சணம் எடுத்த வீட்டில் ஏசி: பார்க்க ஆள் வருமுன் செய்கிற பிழைகள்

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வெளிநாட்டுச் சொந்தங்கள் ஆவணியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு விமானம் ஏறுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அந்த வீடு பூட்டியபடியே கிடக்கும். தை பிறந்து யாராவது கதவைத் திறந்தால் அலுமாரிக்குப் பின்னாலும் ஏசிக்குக் கீழேயும் சுவர் கறுத்திருக்கும். ஆள் பிடித்துச் சுரண்டித் துடைத்துப் பூஞ்சணத்தை எடுத்தாயிற்று. இனி விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து, சரி என்று சொல்லவேண்டும். வாடகைக்கு வருபவர் கேட்பார். இல்லாவிட்டால் கனடாவில் இருக்கும் வீட்டுக்காரரே கேட்பார்.

அதற்கு முதல் நாள் நம்மவர்கள் ஏசிக்குச் செய்யும் அலங்காரம் இருக்கிறதே! சாம்பிராணி காட்டுவார்கள், வாசனை ஸ்பிரே அடிப்பார்கள். பார்க்க வருபவருக்கு மூக்கும் ஒரு கருவிதான். புழுங்கல் மணம் வருகிறதா என்றுதான் அவர் முதலில் கவனிப்பார். அறை கோவில் மாதிரி மணந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே நினைப்பார். போதாததற்கு, சாம்பிராணிப் புகையின் பிசுக்கு ஏசிக்குள் ஒட்டும். தூசு அதில் பிடிக்கும்.

அடுத்தது, பில்ரரைக் கழற்றிக் கழுவியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. பூஞ்சணத்துக்குப் பிடித்த இடங்கள் அதற்குப் பின்னால்தான்: குளிர்ச்சுருள், அதற்குக் கீழே தண்ணீர் தேங்கும் தட்டு, காற்றைத் தள்ளும் உருளை விசிறி. அந்த விசிறியின் இதழ்களில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் ரோர்ச் அடித்த உடனேயே தெரிந்துவிடும். சுவரைச் சுரண்டும்போது ஏசியை நிறுத்தி, பொலித்தீனால் மூடி ஒட்டியிருக்கவேண்டும். ஓடவிட்டிருந்தால் பறந்த பூஞ்சண வித்துகளை அது உள்ளே இழுத்திருக்கும். அப்படியானால் உள்பகுதியைக் கழற்றிக் கழுவாமல் ஆளைக் கூப்பிடாதீர்கள். கழுவிய பில்ரரை ஈரத்தோடு திருப்பி மாட்டுவதும் வேண்டாம். ஈரம்பட்ட பொருள் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் மறுபடியும் தொடங்கிவிடும்.

பிளீச் ஊற்றும் பழக்கத்தை ஏசியிடம் காட்டவேண்டாம். குளிர்ச்சுருளின் அலுமினியத் தகடுகளை அது அரித்துவிடும். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு அதைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறைக்குள் அது உயிராபத்து. ஏசிக்கென்று விற்கும் கழுவும் திரவமே போதும். திறக்குமுன் ட்ரிப் சுவிட்சை இறக்குங்கள். ரிமோட்டில் நிறுத்தினால் கரண்ட் நின்றதாக ஆகாது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, தண்ணீர் போகும் வழியை மறப்பது. மாரியில் இங்கே வெளிக்காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காற்றைக் குளிராக்கும்போது வாளி நிறையத் தண்ணீர் வடியும். அது வெளியேறாவிட்டால் சுவருக்குள்தான் இறங்கும். தண்ணீர்க் குழாய் முழுதும் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஓரிடம் மேடாக வளைந்தாலும் தண்ணீர் தேங்கும். பூட்டியிருந்த வீடென்றால் குழாயின் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். பூமரத்துக்கு ஊற்றலாம் என்று குழாய்க்குக் கீழே வாளி வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் குழாயின் நுனி வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் வடிவது தடைப்படும். ஒரு சுண்டுத் தண்ணீரைத் தட்டில் மெதுவாக ஊற்றி, அது வெளியே வருகிறதா என்று நீங்களே பாருங்கள். செப்புக் குழாயின் கறுப்பு ரப்பர் உறை கிழிந்திருந்தால் அந்த இடம் வியர்த்துச் சொட்டும். குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டையைப் பூசாமல் விட்டால் மழையும் ஈரக்காற்றும் அதன் வழியாகவே வரும். நான் பார்த்த ஒரு வீட்டில் மூன்று தடவை சுவரைச் சுரண்டியிருந்தார்கள். அந்த ஓட்டையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவருக்கு பெயின்ற் அடிக்க அவசரப்படாதீர்கள். பார்ப்பவர் ஈரமானியைச் சுவரில் வைத்து அளந்த பிறகு அடிக்கலாம். முதலிலேயே அடித்தால் பூசி மெழுகியதாகத்தான் போகும்.

பார்க்க வரும் நாளில் மட்டும் 18 பாகையில் ஓடவிட்டு அறையை ஐஸ் பெட்டி ஆக்குவதும் உதவாது. ஒரு நாள் முன்னதாகவே கதவு, யன்னல்களைச் சாத்தி, வழக்கமாக வைக்கும் 25, 26 பாகையில் ஓடவிடுங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நிற்கவேண்டும். வித்துகளை எண்ண அறைக் காற்றில் மாதிரி எடுப்பதானால் வெளிக்காற்றிலும் ஒன்று எடுத்து ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். வித்தே இல்லாத காற்று உலகத்தில் இல்லை.

அறையைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இயந்திரம் நமக்குத் தேவைப்படாது. கனடாச் சொந்தங்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: அங்கே வீடு முழுதும் காற்றுக் குழாய்கள் ஓடுவதால் அவற்றின் உட்புறத்தையும் பார்க்கவேண்டும். குழாயின் உள்ளே ஒட்டியிருக்கும் கண்ணாடிநார்ப் பஞ்சில் பூஞ்சணம் ஏறியிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஃபேர்னஸின் பில்ரரும் புதிதாக இருக்கவேண்டும்.

கழுவுமுன்னும் பின்னும் எடுத்த படங்கள், வேலை நடந்த திகதி, கழற்றிய பழைய பாகங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள். ஏசிக்குக் கீழே இருக்கும் கட்டிலை இழுத்து விட்டு, ஏணி ஒன்றையும் சாத்தி வையுங்கள். வந்தவர் மேலே ஏறிப் பார்க்கத்தான் போகிறார்; அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்கு ஏணி இரவல் கேட்டு ஓடவேண்டாம்.