செக்ரோலில் பெயர் இல்லாதவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் சுங்கை சிப்புட்டில் என் போட்டோஸ்டாட் கடையை இழுத்து மூடினேன். வாட்ஸ்அப்பை மூட முடியவில்லை. 27-ஆம் தேதி அரசாங்கம் பிரிஹாத்தின் எனும் நிவாரண உதவித் திட்டத்தை அறிவித்தது. ஏப்ரல் பிறந்ததும் அடையாள அட்டைப் படங்கள் வந்து குவிந்தன. “தம்பி, எனக்கும் போட்டு விடு.” பூ கட்டுபவர், புல் வெட்டுபவர், வீட்டில் தைப்பவர், இரவுச் சந்தையில் கச்சான் விற்பவர். முக்கால்வாசிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள்.

தோட்டத்தில் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், பெயர் இருந்தால் போதும். ஓய்வுக்கால சேமநிதி, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா எல்லாவற்றையும் தோட்டத்து எழுத்தரான கிராணி சம்பளத்தில் பிடித்துக் கட்டிவிடுவார். பட்டணத்துக்கு வந்து சொந்தமாகத் தொழில் போட்டவர்களுக்குக் கிராணி கிடையாது. ஆனால் யாரோ எங்கோ நம் பெயரை எழுதி வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. அன்று நான் பார்த்த தவறுகளில் பாதி இந்த நினைப்பிலிருந்து வந்தவைதான்.

ஏப்ரல் 6 அன்று சிறு வியாபாரிகளுக்குத் தலா 3,000 வெள்ளி (ரிங்கிட்) சிறப்பு மானியம் என்று சொன்னார்கள். விண்ணப்பிக்கத் தொழில் எஸ்எஸ்எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்திலோ ஊராட்சி மன்றத்திலோ பதிவாகியிருக்க வேண்டும். எங்கள் பூக்கடை அக்கா பன்னிரண்டு வருடமாக ஒரே இடத்தில் பூ விற்கிறார். உரிமத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அதில் இருந்தது அவர் கணவரின் பெயர். கணவர் இறந்து மூன்று வருடம். “பணம் ஒழுங்காகக் கட்டிக்கிட்டுத்தானே தம்பி இருக்கேன்” என்றார். கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பதிவேட்டின்படி இறந்தவர்தான் பூ விற்றுக்கொண்டிருந்தார். மானியம் கிடைக்கவில்லை.

எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரிலேயே தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்கென்று தனிப் பெயர் வைத்தால் 60. ஒருமுறை பதிந்துவிட்டுப் புதுப்பிக்க மறந்தவர்களும் அன்று விழித்தார்கள். நோய் வந்தபின் ஓடிப் பதிந்தது உதவவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே தொழில் நடந்ததா என்றுதான் பார்த்தார்கள்.

பதியாததற்குக் காரணம் கேட்டால் ஒரே பதில்: “பதிஞ்சா வரி வருமே.” இந்தப் பயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செலவு போக ஆண்டுக்கு 30,000 வெள்ளி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் கழிவு 9,000 போனால் 21,000. அதில் முதல் 5,000-க்கு வரி இல்லை. அடுத்த 15,000-க்கு 1 விழுக்காடு, 150 வெள்ளி. மீதி ஆயிரத்துக்கு 3 விழுக்காடு, 30 வெள்ளி. ஆகமொத்தம் 180. வரிக்குரிய வருமானம் 35,000-க்கு உள்ளே இருந்தால் வரியில் 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. சரி, கட்ட வேண்டியது எவ்வளவு? ஒரு காசும் இல்லை. இந்தப் பூஜ்யத்துக்குப் பயந்துதான் பலர் வருமான வரிக் கோப்பே திறக்காமல் இருந்தார்கள். தொழில் வருமானத்துக்குப் பி பாரம், வழக்கமாக ஜூன் 30-க்குள். பூஜ்யம் என்று வந்தாலும் அனுப்புங்கள். உங்கள் வருமானத்துக்கு அரசாங்கத்திடம் இருக்கும் சாட்சி அதுதான்.

அடுத்தது, திட்டத்தின் பெயரைக் கேட்டுக் குழம்புவது. சம்பள மானியம் முதலாளி தன் தொழிலாளிகளுக்காக வாங்குவது. ஆள் வைக்காமல் தனியாகப் புல் வெட்டும் அண்ணனுக்கு அது பொருந்தாது. சொக்சோவின் வேலை காப்புறுதியும் அப்படித்தான், சம்பளத்துக்கு வேலை செய்து அதை இழந்தவருக்கு மட்டும். சொந்தத் தொழிலாளிகளுக்குச் சொக்சோவில் தனித் திட்டம் உண்டு. 2017-இல் டாக்சிக்காரர்களோடு தொடங்கி, 2020 ஜனவரியில் மேலும் பல தொழில்களுக்கு விரிந்தது. அப்போது மிகக் குறைந்த சந்தா ஆண்டுக்கு 157 வெள்ளி 20 காசு. அது வேலையில் அடிபட்டால்தான் கைகொடுக்கும், வியாபாரம் படுத்தால் அல்ல. இருந்தாலும் எடுத்து வையுங்கள். புல் மெஷின் கல்லைத் தட்டிக் கண்ணுக்கு அடிக்கும் நாள் சொல்லிக்கொண்டு வராது.

கடன் தள்ளிவைப்பையும் சேமநிதிப் பணத்தையும் ‘உதவி’ என்று எண்ணியது இன்னொரு தவறு. 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தவணை கட்டாமல் இருக்கலாம் என்றார்கள். தவணைதான் தள்ளிப்போனது, கடன் அப்படியே இருந்தது. வீட்டுக் கடன் போன்றவற்றுக்கு வட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. ஐ-லெஸ்தாரி திட்டத்தில் சேமநிதியிலிருந்து மாதம் 500 வெள்ளி எடுத்தார்களே, அது அவரவர் கிழவயதுப் பணம். தேவைக்கு எடுத்ததைக் குறை சொல்லமாட்டேன், நானும் எடுத்தேன். ஆனால் பெரும்பாலோர் கேள்விப்படாதது ஐ-சாரான். சொந்தத் தொழில் செய்பவர் தானாகச் சேமநிதியில் போட்டால், போட்டதற்கு 15 விழுக்காடு, ஆண்டுக்கு 250 வெள்ளி வரை அரசாங்கம் அப்போது சேர்த்துக் கொடுத்தது. உதவி என்றால் அதுதான் உதவி.

வங்கிக் கணக்கில் நடந்த கூத்து தனி. மகன் கணக்கு எண்ணைக் கொடுப்பது, பல வருடம் தொடாமல் முடங்கிப்போன கணக்கைக் கொடுப்பது, பாரத்தில் எழுதிய கைப்பேசி எண்ணை மறுமாதமே மாற்றுவது. கணக்கே இல்லாதவர்கள் பிஎஸ்என் வங்கியில் ரொக்கமாக வாங்க வழி இருந்தும், அது தெரியாமல் அடுத்த வீட்டுக்காரரின் எண்ணை எழுதியவர் ஒருவர். அப்புறம் அடுத்த வீட்டோடு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத தம்பதிகளுக்கும் சிக்கல். பிரிஹாத்தின் ரொக்க உதவியில் மாதம் 4,000 வெள்ளிக்குள் வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600, மாதம் 2,000-க்குள் சம்பாதிக்கும் தனியாளுக்கு 800 என்று பிரித்திருந்த நேரத்தில், தாளில் குடும்பம் இல்லாதவர்கள் எந்தக் கட்டத்தை நிரப்புவது?

“நான் எடுத்துத் தருகிறேன், 50 வெள்ளி கொடு” என்று வந்தவர்களிடம் ஐசியையும் (அடையாள அட்டை) கடவுச்சொல்லையும் சேர்த்தே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ஐசி நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று நடுவில் எழுதுங்கள். என் கடையில் நகல் எடுத்தால் அந்தப் பேனா இலவசம்.

கொரோனா உதவிகள் முடிந்துவிட்டன. இப்போது எஸ்டிஆர் எனும் அரசாங்க ரொக்க உதவி வருகிறது, அதற்கும் இதே மாதிரி விவரங்கள்தான். முகவரி மாறியது, கணக்கு மூடியது, துணைவர் இறந்தது, இவற்றை நீங்கள் போய்ச் சொல்லாமல் பதிவேட்டுக்குத் தெரியாது. விண்ணப்பம் தள்ளுபடி என்று வந்தால் மேல்முறையீட்டுக்குத் தேதி கொடுப்பார்கள்; அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். பூக்கடை அக்கா உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டார். லேமினேட் செய்து பூக்கூடைக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார், கணவர் படத்துக்குப் பக்கத்திலேயே.