வேலைக்கு வராத நாள்களைக் குறைப்பது எப்படி? புதிய மேற்பார்வையாளர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் ரப்பர் மரப்பலகையில் மேசை, நாற்காலி செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்களிடம் வேலை செய்யும் 40 பேரில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து, பிறகு பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிவந்த குடும்பத்தினர். அன்று தோட்டத்தில், காலையில் ஆள்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, வராதவருக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கோடு போட்டார்கள். இன்று கைரேகை இயந்திரம் அதையே செய்கிறது. யார் வரவில்லை என்பதை இரண்டும் சொல்லும். ஏன் வரவில்லை என்பதை நாம்தான் தேடிப் போக வேண்டும். மேற்பார்வைப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்கள் அதை எப்படித் தேடுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பிரித்து எண்ணுங்கள்

ஆண்டு விடுப்பும் பொது விடுமுறையும் இந்தக் கணக்கில் சேராது. எம்.சி. (மருத்துவச் சான்றுடன் எடுக்கும் நோய் விடுப்பு), அவசர விடுப்பு, தகவல் சொல்லாமல் வராதது ஆகிய மூன்றையும் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். பிறகு, இழந்த நாள்களை மொத்த வேலை நாள்களால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 40 பேர் 26 நாள் வேலை செய்தால் மொத்தம் 1,040 நாள். அதில் 52 நாள் இழப்பு என்றால் 5 விழுக்காடு. மாதந்தோறும் ஒரே முறையில் கணக்கிட்டால்தான் ஒரு மாதத்தை மற்றொரு மாதத்தோடு ஒப்பிட முடியும்.

படி 2: எத்தனை நாள் என்பதோடு எத்தனை முறை என்றும் பாருங்கள்

அறுவை சிகிச்சைக்காக ஒரே தடவையில் 10 நாள் வராதவரும், பத்துத் தடவை ஒவ்வொரு நாளாக வராதவரும் கணக்கில் ஒன்றுபோலத் தெரிவார்கள். ஆனால், திடீர் திடீரென்று விழும் ஒற்றை நாள்கள்தான் வேலையை அதிகம் குலைக்கின்றன, ஏனென்றால் முன்கூட்டியே மாற்று ஆள் ஏற்பாடு செய்ய முடிவதில்லை. இதை அளக்கப் பிராட்ஃபோர்ட் காரணி என்ற கணக்கு உண்டு: ஓராண்டில் எத்தனை முறை வரவில்லையோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, விடையை மொத்த நாள்களால் பெருக்க வேண்டும். முதலாமவருக்கு 10 வரும். இரண்டாமவருக்கு 1,000 வரும். ஆயினும் இந்த எண்ணை வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள். ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய் உள்ளவருக்கும் இது ஏறத்தான் செய்யும். யாரிடம் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று காட்டுவதற்கு மட்டுமே அது உதவும்.

கிழமைகளையும் கவனியுங்கள். திங்கட்கிழமை, சம்பளத்துக்கு மறுநாள், தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் என்று ஒரு ஒழுங்கு தென்பட்டால் அதைத் தனியாக எழுதி வையுங்கள்.

படி 3: திரும்பி வந்த அன்றே பேசுங்கள்

எல்லாப் படிகளிலும் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். பலகைக்கு மணல்தாள் தேய்க்கும் பிரிவில் ஒரு பெண் ஆறு வாரங்களில் நான்கு வியாழக்கிழமை வரவில்லை. பதிவேட்டில் ஒரே நெடுவரிசையில் நான்கு சிவப்பு வட்டங்கள். மட்டம் போடுகிறார் என்றே நான் முடிவுகட்டி, எச்சரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்குக்கூட வைத்துவிட்டேன். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்போமே என்று, தேநீர் இடைவேளையில் அவரைத் தனியாக அழைத்தேன்.

"ஏம்மா, வியாழக்கிழமையாவே விழுதே, வீட்டுல ஏதும் சிரமமா?"

"அப்பாவுக்கு ரத்தம் கழுவுறாங்கண்ணே. செவ்வாயும் சனியும் தம்பி கூட்டிட்டுப் போயிடுவான். வியாழன் அவனுக்குக் காலை ஷிப்டு விழுந்தா நான்தான் போகணும். சொன்னா வேலை போயிடுமோன்னு பயம்."

அவர் சொன்னது சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் சிகிச்சையை. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அந்தச் சுமையில் ஒரு நாளின் பங்குதான் என் பதிவேட்டில் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. கடிதத்தைக் கிழித்தேன். வியாழக்கிழமை மதியத்திற்கு மேல் வருவது, வேறு நான்கு நாள்களில் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்பது என்று எழுத்தில் உடன்பட்டோம். அதன் பிறகு அவருக்கு அந்தக் கிழமையில் வட்டம் போட வேண்டிய தேவை வரவில்லை.

பேசும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். நோயின் பெயரைத் துருவிக் கேட்காதீர்கள். "உடம்பு எப்படி இருக்கு, நாங்க என்ன செய்யலாம்?" என்பதே போதும்.

படி 4: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சேவைக்காலம் 2 ஆண்டுக்குக் குறைவென்றால் ஆண்டுக்கு 14 நாளும், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாளும், அதற்கு மேல் 22 நாளும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் அதற்குத் தனியாக 60 நாள். நோயுற்றவர் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். நியாயமான காரணமோ தகவலோ இன்றித் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படலாம். நெகிழ்வான வேலை நேரம் கேட்டு ஊழியர் எழுத்தில் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். இந்தக் கடைசி உரிமை பல தொழிலாளர்களுக்குத் தெரியாது. நாமே சொல்ல வேண்டும்.

படி 5: காரணத்தை அகற்றுங்கள்

காரணங்களை ஒரு தாளில் எழுதினால், பாதிக்கு மேல் நம் கையில் இருப்பவை என்று தெரியும். எங்களிடம் அடிக்கடி வந்த எம்.சி.க்குப் பின்னால் மரத்தூள் இருமல் இருந்தது. தூசி உறிஞ்சும் குழாயைச் சரிசெய்து, நல்ல முகக்கவசம் கொடுத்தோம். மழை நாளில் மோட்டார்சைக்கிளில் வர முடியாதவர்களுக்கு ஒரு வேன் பேசினோம். தைப்பூசம், தீபாவளி விடுப்பை மூன்று மாதம் முன்னரே எழுதி வாங்கி, முறை வைத்துப் பிரித்தோம். வர முடியாதவர் யாரிடம், எத்தனை மணிக்குள், புலனத்திலா (வாட்ஸ்அப்) தொலைபேசியிலா சொல்ல வேண்டும் என்பதைத் தமிழிலும் மலாயிலும் சுவரில் ஒட்டினோம்.

படி 6: அதன் பிறகே நடவடிக்கை

பேசி, வழிசெய்து கொடுத்த பின்னரும் ஒருவர் தொடர்ந்து தவறினால் எழுத்தில் எச்சரிக்கலாம். வேலை நீக்கம் வரை போவதானால், அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தரும் உள்விசாரணை முதலில் நடந்தாக வேண்டும்.

மூன்று மாதம் கழித்து முதல் படியின் கணக்கைத் திரும்பப் போடுங்கள். விழுக்காடு குறையாவிட்டால், எச்சரிக்கைகளைக் கூட்டாதீர்கள். ஐந்தாம் படியில் எழுதிய தாளை எடுத்து, இன்னும் கோடு அடிக்கப்படாத காரணம் எது என்று பாருங்கள்.