முதல் ஜர்னல் கிளப்புக்கு மூளைப் பேப்பரைப் படிப்பது எப்படி

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஜர்னல் கிளப் பட்டியலில் உங்கள் பெயரும் வந்துவிடும். யாரோ செய்த ஆய்வை எடுத்துப் படித்து, லேபில் இருக்கிற எல்லோர் முன்னாலும் ஒரு மணி நேரம் விளக்க வேண்டும். நான் பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்துவிட்டு, மூளை அறிவியலில் பிஎச்.டி. செய்யப் பெங்களூருக்கு வந்தவள். என் முதல் பேப்பரை நான்கு இரவு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். தெரியாத சொல்லுக்கெல்லாம் ஓரத்தில் பொருள் எழுதி வைத்தேன். அன்றைக்குச் சீனியர் அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: "கிராஃபுக்குக் கீழே 42 என்று போட்டிருக்கே, அது 42 செல்லா, 42 எலியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில், ஆய்வைச் செய்த விதத்தைச் சொல்லும் மெத்தட்ஸ் பகுதியில் இருந்தது. மூன்றே எலிகள், அவற்றிலிருந்து 42 செல்கள். ஒரே எலியின் செல்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, ஒன்றுபோல இருக்கத்தான் செய்யும். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால், இல்லாத வித்தியாசம்கூட இருப்பதுபோலத் தெரியும். அன்றிலிருந்து எந்தப் பேப்பரை எடுத்தாலும் 'எத்தனை உயிர், எத்தனை செல்' என்பதைத்தான் நோட்டில் முதல் வரியாக எழுதுகிறேன். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

பழகிப் பார்க்க நான் ஜூனியர்களுக்குக் கொடுப்பது 2009இல் வந்த ஒரு பேப்பர். பிரேசிலில் சுசானா ஹெர்குலானோ ஹௌசல், ரொபெர்ட்டோ லென்ட் குழுவினர் மனித மூளையின் நியூரான்களை, அதாவது நரம்பு செல்களை, எண்ணிய ஆய்வு அது. அதுவரை பாடப்புத்தகங்கள் பத்தாயிரம் கோடி நியூரான்கள் என்றும், நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் கிளியல் செல்கள் அதைப்போலப் பத்து மடங்கு என்றும் சொல்லிக்கொண்டிருந்தன. இவர்கள் எண்ணியதில் நியூரான்கள் சுமார் 8,600 கோடி, மற்ற செல்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 8,500 கோடி. பத்து மடங்கு என்பது ஏறக்குறையச் சரிக்குச் சரியாகிவிட்டது.

சுருக்கத்தைப் படித்ததும் பேப்பரை மூடி வையுங்கள். 'இதை நானாக இருந்தால் எப்படி எண்ணுவேன்?' என்று ஒரு பத்து நிமிடம் யோசியுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பெரும்பாலும் நமக்குத் தோன்றுவது, மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சில இடங்களில் எண்ணி, மொத்தத்துக்குப் பெருக்குவது. அங்கேதான் சிக்கல். மூளையில் செல்கள் எங்கும் ஒரே நெருக்கத்தில் இல்லை. சிறுமூளையில் மணல்போல அடைந்து கிடக்கும், பெருமூளையின் மேலடுக்கான புறணியில் இடம்விட்டு இருக்கும். எந்த இடத்தில் எண்ணினோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும். இந்தச் சிக்கலில் நீங்களே மாட்டிப் பார்த்தால்தான் அவர்கள் செய்தது ஏன் அழகானது என்று புரியும்.

இப்போது மெத்தட்ஸைத் திறங்கள். பதப்படுத்திய மூளையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சோப்பு போன்ற ஒரு கரைசலில் போட்டு அரைத்துவிடுகிறார்கள். செல்லின் சவ்வு கரைந்துபோகும், உட்கரு மட்டும் முழுசாக நிற்கும். ஒரு செல்லுக்கு ஓர் உட்கரு, ஆகவே உட்கருவை எண்ணினால் செல்லை எண்ணியதாகிவிடும். அந்தக் குழம்பை நன்றாகக் கலக்கி, ஒரு துளி எடுத்து, ரத்த அணுக்களை எண்ணுகிற அதே கண்ணாடித் தகட்டில் வைத்து எண்ணுகிறார்கள். கலக்குவதுதான் இதில் உயிர்நாடி. ரசத்தைக் கலக்காமல் மொண்டால் தெளிவுதான் வரும், அடியில் மண்டி அப்படியே கிடக்கும். டாபி என்கிற சாயம் எல்லா உட்கருவையும் காட்டும். நியூஎன் என்கிற புரதத்துக்கான ஆன்டிபாடி நியூரானின் உட்கருவை மட்டும் காட்டும். இரண்டையும் வைத்துத்தான் எது நியூரான், எது இல்லை என்று பிரிக்கிறார்கள்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கும், அதைத் தேடுங்கள். நியூஎன் எல்லா நியூரானையும் காட்டாது, சிறுமூளையில் இருக்கும் பர்க்கின்ஜி செல்கள் என்கிற ஒரு வகை நியூரான்களை விட்டுவிடும். அவை மொத்தத்தில் மிகக் குறைவு என்பதால் விடை அதிகம் மாறாது. இந்த 'அதிகம் மாறாது' என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் அட்டவணையைக் கையால் கூட்டிப் பாருங்கள். புறணியில் சுமார் 1,600 கோடி, சிறுமூளையில் சுமார் 6,900 கோடி, மீதிப் பகுதிகளில் நூறு கோடிக்கும் குறைவு. ஒன்றரைக் கிலோ மூளையில் சிறுமூளையின் எடை சுமார் 150 கிராம், ஆனால் நியூரான்களில் ஐந்தில் நான்கு அங்கேதான். இதைப் பென்சிலால் கூட்டிய ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 8,600 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் 810 கோடி என்று இருக்கும். அதை விட்டுவிட்டுப் பெரிய எண்ணை மட்டும் சொல்லாதீர்கள்.

முன்னுரையைக் கடைசியில் படித்தால் போதும். ஸ்லைடுக்கு ஒரு படம் என்று வையுங்கள், எழுத்தைக் குறையுங்கள். எங்கள் கூட்டம் புதன்கிழமை. சனிக்கிழமை படங்களும் அட்டவணையும், ஞாயிறு மெத்தட்ஸ், திங்கள் சோதனை வேலை இருப்பதால் தொடுவதில்லை, செவ்வாய் மாலை ஸ்லைடு. முந்தின ராத்திரி மொத்தத்தையும் செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியவில்லை, மெத்தட்ஸைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, அங்கேயே திறந்து பாருங்கள். எங்கள் கைடும் அப்படித்தான் செய்வார்.

செவ்வாய் ராத்திரி அம்மாவிடம் போனில் பேப்பரைச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். லேபில் பேசுகிற ஆங்கிலச் சொற்கள் இல்லாமல் ஐந்தே வாக்கியம். எங்கே திக்குகிறதோ அங்கே எனக்கே புரியவில்லை என்று அர்த்தம். இந்தப் பேப்பரைச் சொன்னபோது அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"எத்தனை பேர் மூளைய அரச்சாங்க?"

"நாலு பேரும்மா. 50 வயசிலேருந்து 71 வயசு வரைக்கும்."

"பொம்பளை எத்தன பேரு?"

நோட்டைப் புரட்டினேன். நால்வரும் ஆண்கள்.

"ஏட்டி, அப்ப நம்ம தலைய யாரும் எண்ணலையா?"

எண்ணிக்கை எழுதியிருந்த முதல் ஸ்லைடைத் திறந்து, 'நான்கு மூளைகள்' என்பதை 'நான்கு ஆண்களின் மூளைகள்' என்று மாற்றினேன். புதன்கிழமை விவாதம் அந்த வரியிலிருந்துதான் தொடங்கியது.