செந்நாரையைக் கலைக்காமல் படம் எடுப்பது

எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. மற்ற ஆறு நாளும் வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அதனால் பல வருடங்களாக என் ஞாயிறு காலைகள் முத்துராஜவெலவில்தான் கழிகின்றன. போன மாதம் அக்காவின் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கையில் புதுக் கமரா. நாரையைக் கண்டதும் படகில் எழுந்து நின்றாள். "சின்னம்மா, பறந்திட்டுது!" அன்று மட்டும் நான்கு செந்நாரைகள் அப்படிப் போயின. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முத்துராஜவெல களனி ஆற்றுக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையில் கிடக்கும் கரையோரச் சதுப்பு. அதன் வடபகுதி 1996இல் சரணாலயமாக்கப்பட்டது. கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போகிறவர்கள் பஸ் யன்னலாலேயே நாரைகளைக் கண்டிருப்பார்கள். ஆனால் அங்கே இறங்க முடியாது. புறக்கோட்டையில் 240ஆம் இலக்க நீர்கொழும்பு பஸ் ஏறி ஜா-எலயில் இறங்குங்கள். அங்கிருந்து, படகு கிளம்பும் போபிட்டியவுக்குத் த்ரீவீல் கிடைக்கும். படகுக்கு முதல் நாளே பேசி வையுங்கள். கொழும்பில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கிறது. எட்டரைக்குப் பிறகு வெளிச்சம் கடுமையாகி, நாரையின் கழுத்திலுள்ள செம்மை வெளிறிவிடும்.

வெளிநாட்டுக்காரர் எழுதும் வழிகாட்டிகளில் முதலில் கடல் வற்றும் நேரத்தைப் பார்க்கச் சொல்வார்கள். நமக்கு அது அவ்வளவு உதவாது. நம்முடைய கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றர் கூட இல்லை. இங்கே பார்க்க வேண்டியது மழையை. பெருமழை பெய்தால் சதுப்பு முழுக்கத் தண்ணீர் பரவும், மீனும் பரவும், நாரையும் எங்கேயோ புல்லுக்குள் போய்விடும். நாலைந்து நாள் வெயில் எறித்து ஓரங்கள் வற்றினால்தான் மீன் சிறு குட்டைகளில் ஒதுங்கும், நாரையும் வெளியே வந்து நிற்கும். ஜனவரி முதல் மார்ச் வரை எனக்குப் பிடித்த காலம். கொழும்புப் பக்கம் மழை குறைவு, வலசை வந்த பறவைகளும் இருக்கும்.

சரி, படகுக்கு வருவோம். படங்களுக்காகக் கரையில் படுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பறவையின் கண் மட்டத்துக்குக் கமராவை இறக்குவது மிக நல்ல விஷயம்தான். ஆனால் முத்துராஜவெலவில் முதலை இருக்கிறது, தண்ணீர் ஓரத்தில் படுக்கவே வேண்டாம். காலில் கீறல் இருந்தால் சேற்றிலும் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் மருந்து வாங்க வருகிறவர்களை மழைக்காலங்களில் நான் எதிரில் நின்று பார்க்கிறேன். படகின் அடித்தட்டில் உட்கார்ந்து, விளிம்பில் ஒரு அரிசிப் பையை வைத்து அதன் மேல் லென்ஸைச் சாத்தினாலே உயரம் சரியாக வந்துவிடும். நான் இரண்டு கிலோ பச்சையரிசியைத் துணிப்பையில் தைத்து வைத்திருக்கிறேன்.

நாரையிலிருந்து ஐம்பது அறுபது மீற்றர் தள்ளியே படகுக்காரரிடம் "ஐயே, எஞ்சின் எக ஒஃப் கரன்ன" (அண்ணே, எஞ்சினை நிறுத்துங்கள்) என்று சிங்களத்தில் சொல்லிவிடுங்கள். மிச்சத்தைத் துடுப்பால் போகலாம். நேராக முகத்துக்கு எதிரே போகாமல் பக்கவாட்டில் சரிந்து போக வேண்டும். வடக்கே போகும்போது காலை வெயில் உங்கள் வலப்பக்கம் இருக்கும். அதனால் இடக்கரையில் நிற்கும் பறவைதான் வெளிச்சத்தில் தெரியும், வலக்கரைப் பறவை நிழலுருவாகத்தான் வரும்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்புவது. நாரையின் கழுத்தைப் பாருங்கள். எல்லாமே அங்கேதான் எழுதியிருக்கிறது. கழுத்து வளைந்து, தலை சற்றுத் தாழ்ந்து, அலகு தண்ணீரை நோக்கி இருந்தால் அது உங்களை மறந்து வேட்டையில் இருக்கிறது. கழுத்து குச்சி போல நேரே நிமிர்ந்து, இறகெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டால் உங்களை எண்ணிப் பயப்படுகிறது. அப்போது துடுப்பை நிறுத்துங்கள், கமராவைக் கூடத் தூக்க வேண்டாம். பல தடவை இரண்டு மூன்று நிமிடத்தில் கழுத்து மறுபடி வளையும். அதையும் மீறி முன்னால் சரிந்து, முழங்காலை மடக்கி, எச்சமிட்டால் பறக்கப் போகிறது. காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும், எனவே காற்று எங்கிருந்து வீசுகிறது என்பதை முன்பே பார்த்து வைத்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். ஆனால் பறக்கும் படத்துக்காக யாரும் நாரையைக் கிளப்பக் கூடாது. ஒவ்வொரு எழும்பலும் அதன் காலைச் சாப்பாட்டில் கை வைப்பது.

குத்தும் கணம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதற்குச் சற்று முன் கழுத்து மெதுவாக இப்படியும் அப்படியும் அசையும், உடம்பு முன்னே சாயும். சாய்ந்ததும் விரலை அழுத்தி விடாமல் பிடியுங்கள். ஷட்டர் வேகம் 1/1600 நொடியாவது வேண்டும். சும்மா நிற்கும் பறவைக்கு 1/500 போதும், படகு ஆடுவதால் அதற்குக் கீழே போகாதீர்கள். என்னுடையது நிக்கோன் டி7200, லென்ஸ் 200-500 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 5.6இலேயே விட்டுவிட்டு, கமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓவைத் தானியங்கியாக்கி, 3200ஐத் தாண்டாமல் நிறுத்தி வைப்பேன். ஃபோகஸுக்கு நடுப்புள்ளி ஒன்று மட்டும். பல புள்ளிகளை விட்டால் கமரா முன்னாலிருக்கும் புல்லையே பிடித்துக்கொள்ளும். புள்ளி கண்ணின் மேல் இருக்கட்டும். பக்கத்தில் வெள்ளைக் கொக்கு நின்றால் மட்டும் வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள், இல்லாவிட்டால் இறகின் கோடுகள் வெறும் வெள்ளையாகிவிடும்.

மீனை விழுங்கிய பிறகு பலரும் கமராவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நாரை அப்போதுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்து, உடம்பை ஒரு உதறு உதறும். கழுத்து இறகெல்லாம் விரிந்து நிற்கும் அந்த ஒரு நொடி குத்தும் கணத்தை விட எனக்குப் பெரிது.

படம் முழுக்கப் பறவையை நிரப்ப வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். கண்டல் வேர், நாணல், தண்ணீரில் விழும் நிழல் எல்லாம் வரட்டும். சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு நாரை இருந்தால் போதும், அது எங்கே வாழ்கிறது என்பது அப்போதுதான் தெரியும். கூடு கண்டால் மட்டும் ஒரு படமும் எடுக்காமல் விலகிவிடுங்கள், இடத்தை யாருக்கும் சொல்லவும் வேண்டாம். தாய் எழும்பினால் காகம் காத்திருக்கிறது.

போபிட்டிய வரை போக முடியாதவர்கள் கொழும்புக்கு அருகிலுள்ள பெத்தகான, தியசரு பூங்காக்களின் மரப்பாதையில் தொடங்கலாம். வெள்ளவத்தைக் கால்வாய் ஓரத்துக் குளத்துக் கொக்கிலேயே நான் கை பழகினேன்.

கடைசியாகக் கமரா. ஏசி அறையிலிருந்து நேரே எடுத்துக்கொண்டு போய், லென்ஸ் முழுக்க ஆவி படிந்து, எதிரே ஒரு நாரை கெளுத்தியோடு மல்லுக்கட்டியதை வெறுங்கண்ணால் மட்டும் பார்த்திருக்கிறேன். முதல் நாள் இரவே பையோடு ஏசி இல்லாத அறையில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளியில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். உள்ளே சிறிய ஈரமானி ஒன்று கிடக்கட்டும், முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். கொழும்புக் காற்றில் வெளியே விட்டால் லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிடும்.